பிளர்ப்: ஒரு சொல்லுக்குள் இரண்டு வேலை

புதிதாக வந்த புத்தகத்தைக் கையில் எடுத்ததும் திருப்பிப் பின்னட்டையைப் பார்க்கிறோம். நூல் எதைப் பற்றியது என்று பதிப்பாளர் அங்கே ஒரு பத்தி எழுதியிருப்பார். அதற்குக் கீழே பேர்பெற்ற யாராவது ‘விழுந்து விழுந்து சிரித்தேன்’ என்று ஒரு வரி தந்திருப்பார். பழைய தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களைப் பற்றிய நூல் என்றால் இந்த இரண்டாவது வகை கட்டாயம் இருக்கும். இரண்டையுமே ஆங்கிலத்தில் ‘பிளர்ப்’ என்கிறார்கள். பிரிட்டனில் பெரும்பாலும் பதிப்பாளரின் அறிமுகத்தையும், அமெரிக்காவில் பெரும்பாலும் பிறர் தரும் பாராட்டு வரியையும் அந்தச் சொல் குறிக்கும்.

இதற்கு லத்தீன் வேர், கிரேக்க வேர் எதுவும் கிடையாது. ஒரு நகைச்சுவை எழுத்தாளர் விளையாட்டாகக் கட்டிய சொல் இது. 1907இல் அமெரிக்கப் புத்தக விற்பனையாளர்களின் ஆண்டு விருந்தில் கெலெட் பர்ஜெஸ் எழுதிய சிறு நூலின் பிரதிகள் வழங்கப்பட்டன. அந்த விருந்துக்கென்றே அச்சிட்ட மேலுறையில் ஒரு இளம்பெண் வாயருகே கையைக் குவித்துக் கூவிக்கொண்டிருந்தாள். பெயர் மிஸ் பெலிண்டா பிளர்ப். எல்லாப் பதிப்பாளரும் இதைத்தானே செய்கிறார்கள், நாமும் செய்தால் என்ன என்று அந்த உறையே கேட்டது. 1914இல் தான் வெளியிட்ட வேடிக்கை அகராதியில் பர்ஜெஸே இதற்குப் பொருள் எழுதினார்: பகட்டான விளம்பரம், அளவு மீறிய புகழ்ச்சி, பதிப்பாளர் எழுப்புவது போன்ற ஓசை. கேலிக்குப் பிறந்த சொல்லைத் தொழிலே எடுத்துக்கொண்டது.

வழக்கம் மட்டும் சொல்லைவிடப் பழையது. அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனுக்கு எழுத்தாளர் எமர்சன் தனிப்பட்ட முறையில் எழுதிய கடிதத்திலிருந்து ஒரு வாழ்த்து வரி, விட்மனின் ‘லீவ்ஸ் ஆஃப் கிராஸ்’ கவிதை நூலின் 1856ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பின் முதுகிலேயே பொன் எழுத்தில் ஏறியது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ஒரே சொல்லைத் தேடுவதால்தான் இடறுகிறோம் என்பது என் எண்ணம். பதிப்பாளர் எழுதும் அறிமுகத்துக்குப் ‘பின்னட்டைக் குறிப்பு’ என்ற பெயர் பதிப்புலகில் நன்றாகவே புழங்குகிறது. அதை மாற்ற வேண்டியதில்லை. பாராட்டு வரிக்குத்தான் சொல் வேண்டும். அதுவும் நம்மிடம் இருந்ததுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சு நூல்களைப் புரட்டினால் முதல் பக்கங்களில் மற்ற புலவர்கள் பாடிக் கொடுத்த ‘சாற்றுக்கவி’ வரிசையாக நிற்கும். சாற்றுதல் என்றால் பலரறியச் சொல்லுதல். இப்போது யாரும் கவியாகத் தருவதில்லை என்பதால் ‘சாற்றுரை’ என்று வைத்துக்கொள்ளலாம். ‘அணிந்துரை’ போதாதா என்று கேட்கலாம். அது உள்ளே பல பக்கம் ஓடும் கட்டுரைக்கு நிலைத்துவிட்ட பெயர். அட்டை மேல் நிற்கும் இரண்டு வரிக்கு அது பொருந்தாது.

யார் சாற்றலாம் என்பதற்கும் நன்னூலில் விதி உண்டு. எவ்வளவு பெரிய நூலைச் செய்தாலும் ‘தான்தற் புகழ்தல் தகுதி அன்றே’ என்கிறார் பவணந்தியார். சிறப்புப் பாயிரம், அதாவது நூலையும் நூலாசிரியரையும் பற்றிய முகவுரை, சொல்லத் தக்கவர்கள் ஆசிரியர், உடன் கற்றவர், மாணாக்கர், உரைகாரர். (தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவே தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம் என்று அடுத்த நூற்பாவில் விலக்கும் தருகிறார். முதல் நூலோடு வரும் எழுத்தாளர்கள் தயங்காமல் இதைப் பற்றிக்கொள்ளலாம்.) அமெரிக்க நகைச்சுவை நடிகர் டிக் வான் டைக் 2011இல் தன் வாழ்க்கை நூலை வெளியிட்டபோது அதற்கு முன்னுரை எழுதியவர் கார்ல் ரெய்னர். 1961 முதல் 1966 வரை ஓடிய டிக் வான் டைக் தொடரை உருவாக்கியவர், அதில் நடித்தவரும்கூட. உடன் கற்றோன் என்பதற்கு இதைவிடப் பொருத்தமாக ஓர் ஆளைக் காட்ட முடியாது. தொடரையே பார்த்திராத பிரபலம் ஒருவர் தரும் ‘அருமை’யைவிட இப்படிப்பட்டவரின் ஒரு வரிக்கு எடை அதிகம்.

பின்னட்டைக் குறிப்புக்கும் நன்னூல் கைகொடுக்கிறது. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்று பாயிரம் சொல்ல வேண்டிய எட்டில், தொலைக்காட்சி வரலாற்று நூலுக்கு ‘வழி’தான், அதாவது நூல் எதிலிருந்து வந்தது என்பதுதான் உயிர். காரணம், பழைய நிகழ்ச்சிகளில் பல இன்று இல்லை. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் பிபிசி தன் ஒளிநாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தியது. 1968 முதல் 1977 வரை வந்த ‘டாட்ஸ் ஆர்மி’ போன்ற புகழ்பெற்ற பிபிசி நகைச்சுவைத் தொடரில்கூட, மொத்தம் 80 பகுதிகளில் இரண்டாம் பருவத்தின் மூன்று பகுதிகள் இன்னும் கிடைக்கவில்லை. எழுத்துப்படி தப்பியதால் 2019இல் வேறு நடிகர்களை வைத்து அந்த மூன்றையும் மீண்டும் எடுத்தார்கள்.

அப்படியென்றால் அந்தத் தொடரைப் பற்றி ஒருவர் புதிதாக நூல் எழுதும்போது எதைக் கண்ணால் பார்த்தார், எதை எழுத்துப்படியில் மட்டும் படித்தார், யாரிடம் கேட்டறிந்தார் என்பதைப் பின்னட்டை சொல்ல வேண்டும். ‘வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கும்’ என்பதை அதற்குக் கீழே சாற்றுரை பார்த்துக்கொள்ளும்.