லிங்க் இருக்கிறது என்று டேப்பைத் தூக்கிப் போடாதீர்கள்

மறுபடியும் ஒரு பென் டிரைவ் வந்திருக்கிறது. ஒரு பெண்கள் குழு எண்பதுகளின் கடைசியிலிருந்து எடுத்து வைத்திருந்த வீடியோக்கள் அதில் இருக்கின்றன. ஊர்வலங்கள், வீட்டுக்குள் வாங்கிய அடி உதையைப் பற்றி வட்டமாக உட்கார்ந்து பேசிய கூட்டங்கள், பாதியில் நின்றுபோன ஓர் ஆவணப்படத்தின் மூலப் பதிவுகள். யாரோ டிஜிட்டல் செய்து தருகிறேன் என்று வாங்கிப் போய்ச் செய்தும் கொடுத்திருக்கிறார். கேசட்டுகள் எங்கே என்று கேட்டேன். “அதான் இதில் ஏறிவிட்டதே, இடத்தை அடைக்கிறது என்று போட்டுவிட்டோம்” என்றார்கள். இன்னும் சிலர் ‘இணையத்தில் ஏற்றிவிட்டோம், லிங்க் இருக்கிறது’ என்பார்கள்.

ஏறியிருப்பது என்ன தெரியுமா? யாராவது கையை அசைத்தால் கோடுகோடாகப் பிரியும் படம். கண்ணும் மூக்கும் கலைந்த முகங்கள். இரண்டு தடத்தில் இருந்த ஒலியில் ஒன்றைக் காணவில்லை. “கொஞ்சம் தெளிவாக்கித் தர முடியுமா?” என்பது அவர்கள் கேள்வி. முடியாது. கேசட் இருந்தால் முடிந்திருக்கும்.

பழைய படச்சுருளையும் வீடியோ டேப்பையும் காப்பாற்றுவது என் தொழில். பெண்ணிய ஆவணப்படங்களும் பரிசோதனைப் படங்களும் என் மேசைக்கு நிறையவே வரும். எதிர்த்தவர்கள் அழித்ததைவிட, பத்திரமாக வைத்திருந்தவர்களே அழித்ததைத்தான் இங்கே அதிகம் பார்க்கிறேன். அந்த எரிச்சலில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெண்ணிய இயக்கத்தின் பதிவுகள் ஏன் இவ்வளவு டேப்பில் கிடக்கின்றன என்பதற்குக் காரணம் உண்டு. 1967இல் சோனி நிறுவனம் தோளில் மாட்டிக்கொண்டு போகும் போர்ட்டாபேக் வீடியோ கருவியைக் கொண்டுவந்தது. படம் கழுவும் லேப் வேண்டாம், பெரிய குழு வேண்டாம், கொஞ்சம் பின்னால் வந்த மாடல்களில் எடுத்ததை அங்கேயே ஓட்டிப் பார்க்கலாம். பேசிய பெண்ணே பார்த்துவிட்டு ‘இந்த இடத்தை எடுத்துவிடு’ என்று சொல்லலாம். சினிமாவில் வழிவிடாத ஆண்கள் வீடியோவை இன்னும் கைப்பற்றியிருக்கவில்லை. பிரான்சில் கரோல் ரூசோபூலோஸ் என்ற பெண் அந்தக் கருவியோடு கிளம்பினார். 1975இல் லியோன் நகரில் பாலியல் தொழிலாளிகள் ஒரு தேவாலயத்துக்குள் போய் உட்கார்ந்து போராடினார்கள். அவர் உள்ளே அவர்கள் பேசுவதைப் பதிவு செய்தார். அது வெளியே தெருவில் வைத்த டிவியில் ஓடியது. வெளியே வந்தால் போலீஸ் பிடிக்கும், அதனால் முகமும் குரலும் மட்டும் டிவி வழியாக வெளியே வந்தால் போதும் என்ற ஏற்பாடு. 1982இல் அவரும் நடிகை டெல்ஃபின் செரிக்கும் யோவானா வீடரும் சேர்ந்து பாரிஸில் பெண்ணிய எழுத்தாளர் சிமோன் த பொவ்வார் பெயரில் ஒரு ஒலி-ஒளி மையத்தையே தொடங்கினார்கள். எடுத்தால் மட்டும் போதாது, வைத்துக் காக்கவும் வேண்டும் என்பது அவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

எல்லா இடத்திலும் அப்படி நடக்கவில்லை. டேப் விலை அதிகம் என்று பழைய பதிவின் மேலேயே புதியதை எடுத்தவர்கள் உண்டு. போன வருட ஊர்வலத்தின் மேல் இந்த வருட ஊர்வலம்.

படச்சுருளில் எடுத்தவர்கள் கதையும் இதே மாதிரிதான். இந்தியாவில் 1980இல் தீபா தன்ராஜ், அபா பையா, நவ்ரோஸ் கான்ட்ராக்டர், மீரா ராவ் ஆகியோர் தொடங்கிய யுகாந்தர் குழு நான்கே படங்கள் எடுத்தது. புனேயின் வீட்டு வேலைப் பெண்கள், நிப்பாணியின் புகையிலைத் தொழிலாளிகள், வீட்டுக்குள் வன்முறை, மரங்களைக் காத்த சிப்கோ போராட்டம். இன்று அவற்றைத் திரையில் பார்க்க முடிகிறது என்றால், பெர்லினில் உள்ள ஆர்செனல் என்ற திரைப்பட நிறுவனம் டிஜிட்டலில் மீட்டெடுத்ததும் ஒரு காரணம். கனடாவிலோ அரசின் தேசியத் திரைப்பட வாரியமே 1974இல் பெண்களுக்கென்று ஸ்டுடியோ டி என்ற பிரிவைத் தொடங்கியது. 1996இல் அதை மூடினாலும் படங்களைப் பார்த்துக்கொள்ள ஒரு நிறுவனம் இருந்தது. யாருடைய வீட்டுப் பரணிலோ கிடக்கும் உங்கள் குழுவின் பெட்டிக்கு அப்படி யாரும் இல்லை. நீங்கள்தான்.

சரி, இந்த ‘லிங்க் இருக்கிறது’ விவகாரத்துக்கு வருகிறேன். இதைத்தான் என்னால் சகித்துக்கொள்ளவே முடியவில்லை.

ஒரு மணி நேர மினி டிவி (MiniDV, சின்ன டிஜிட்டல் வீடியோ கேசட்; தொலைக்காட்சி அல்ல) கேசட்டில் இருக்கும் தகவலை அப்படியே கணினியில் இறக்கினால் சுமார் 13 ஜிபி வரும். யூமேட்டிக், விஹெச்எஸ் போன்ற அனலாக் (டிஜிட்டல் அல்லாத) டேப்பைச் சுருக்காமல் பதிவு செய்தால் மணிக்கு 100 ஜிபியைத் தொடும். ஒரு சாதாரண டிவிடி பிடிப்பதே 4.7 ஜிபி. அதில் இரண்டு மணி நேரப் படத்தை அடைக்கிறார்கள். அந்த டிவிடியிலிருந்து எடுத்து இணையத்தில் ஏற்றினால் அங்கே இன்னொரு முறை சுருங்கும். அதைப் பதிவிறக்கி வாட்ஸாப்பில் அனுப்பினால் மறுபடியும். ஒவ்வொரு முறையும் கணினி ‘இது கண்ணுக்குத் தெரியாது, போகட்டும்’ என்று எதையோ விடுகிறது. விட்டது திரும்பாது. கூட்டத்தில் பின்வரிசையில் நிற்கும் பெண்ணின் முகம், தட்டியில் இருக்கும் சின்ன எழுத்து, மைக்குக்கு எட்டாமல் யாரோ சொன்ன வாக்கியம் எல்லாம் முதலில் போகிறவை. வரலாறு எழுத வருகிறவர் தேடப்போவதும் அவற்றைத்தான். பத்திரத்தின் போட்டோ நகல் கையில் இருக்கிறது என்று அசலைக் கிழித்துப் போடுவீர்களா? இதை மட்டும் எப்படிச் செய்கிறீர்கள்?

இன்னொன்று, லிங்க் உங்களுடையது அல்ல. கணக்கு வைத்திருந்தவர் இறந்தால் போச்சு, கடவுச்சொல் மறந்தால் போச்சு. பெண் உடலைப் பற்றிய பரிசோதனைப் படத்தை ஆபாசம் என்று தளம் நீக்கினாலும் போச்சு. முறையிடலாம், பதில் வரும்போது வரும். பார்க்க, காட்ட, பரப்ப இணையம் நல்ல வழிதான். நான் அதற்கு எதிரி அல்ல. ஆனால் அது காட்சி மேடை, காப்பகம் அல்ல.

அப்புறம் இந்த ஏஐ. கலங்கிய பிரதியை ஏதோ மென்பொருளில் போட்டு பளபளவென்று கொண்டுவந்து காட்டுகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே தெரிவது ஊர்வலத்தில் போன பெண்ணின் முகம் அல்ல. இல்லாத விவரத்தை மென்பொருள் ஊகித்து வரைந்த முகம், உலகத்தில் யாருக்கும் சொந்தமில்லாதது. பெண்கள் இருந்தார்கள், பேசினார்கள் என்பதற்குச் சாட்சியாக எடுத்த படத்தில் இல்லாத பெண்களை நிறுத்துவது என்ன நியாயம்? விளம்பரத்துக்குச் செய்யுங்கள், ஆவணத்துக்கு வேண்டாம். செய்தே தீருவேன் என்றால் மூலக் கோப்பைத் தொடாமல் தனிப் பிரதியில் செய்து, செய்ததை எழுதியும் வையுங்கள்.

பரிசோதனைப் படங்களில் ‘சுத்தம் செய்கிறேன்’ என்று கிளம்புவது அதைவிட மோசம். அமெரிக்கக் கலைஞர் கேரலீ ஷ்னீமன் 1964 முதல் 1967 வரை உழைத்த ‘ஃப்யூசஸ்’ படத்தில் சுருளின் மேல் வண்ணம் பூசினார், கீறினார், எரித்தார், அமிலத்தில் நனைத்தார். சூ ஃப்ரீட்ரிக் 1981இல் எடுத்த படத்தில் வார்த்தைகளையே சுருளில் கீறி எழுதினார். தானாகக் கீறல் நீக்கும் மென்பொருளுக்கு இதெல்லாம் குப்பை. அதை ஓட்டினால் படத்தையே துடைத்துவிடும். மார்த்தா ராஸ்லர் 1975இல் செய்த வீடியோவில் சமையலறைச் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துக் குத்துவார், தட்டுவார். அந்தச் சத்தம்தான் அங்கே கோபம். இரைச்சல் நீக்கியைப் போட்டு அதை மழுங்கடித்தால் என்ன மிஞ்சும்? எது சேதம், எது கைவேலை என்று தெரியாவிட்டால் தொடாதீர்கள். எடுத்தவர் உயிரோடு இருந்தால் கேளுங்கள், இல்லையென்றால் பழைய பிரின்ட் ஒன்றோடு ஒப்பிடுங்கள்.

தொழில்காரர்கள் சிரிக்கும் ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 1987இல் குழந்தைகளுக்கான பொம்மை கேமரா ஒன்று வந்தது, பிஎக்ஸ்எல் 2000. அது படத்தைப் பாட்டு கேசட்டில் பதிவு செய்யும். சேடி பென்னிங் பதின்வயதில் தன் அறைக்குள் உட்கார்ந்து எடுத்த டைரிப் படங்கள் அந்தக் கேமராவில் எடுத்தவைதான். ஆகவே ‘பாட்டு கேசட்தானே’ என்று எதையும் தள்ளாதீர்கள்.

காப்பாற்றுவது என்றால் ஊருக்கெல்லாம் காட்டுவது என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அதையும் சொல்ல வேண்டும். முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன்னால் கருக்கலைப்பைப் பற்றியோ கணவன் அடித்ததைப் பற்றியோ கேமரா முன் பேசிய பெண், பெண்கள் கூட்டங்களில் காட்டுவார்கள் என்று நம்பித்தான் சம்மதித்தார். பேரனின் கைபேசியில் வரும் என்று அல்ல. லிஸ்ஸி போர்டன் 1976இல் ஒரு பெண்கள் குழுவைப் பற்றி ‘ரீகுரூப்பிங்’ என்ற படம் எடுத்தார். படத்தில் இருந்த பெண்களே எதிர்த்தார்கள். அதைப் பல ஆண்டுகள் காட்டாமலே வைத்திருந்தார். ஆனால் அழிக்கவில்லை, அதனால்தான் பிற்காலத்தில் மறுபடி திரையிட முடிந்தது. காட்டாமல் வைத்துக் காப்பதும் காப்பதுதான். மூலப் பதிவுகளை அப்படியே இணையத்தில் கொட்டாதீர்கள், தயவுசெய்து. பேசியவர்களைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். யார் எங்கே காட்டலாம், எது எப்போதும் வெளியே போகக் கூடாது என்று ஒரு தாளில் எழுதி கேசட்டோடு வையுங்கள்.

இப்போது கையில் பெட்டி இருப்பவர்களுக்கு.

‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று எதையும் ஓட்டாதீர்கள். பூஞ்சை பிடித்த டேப்பைப் பிளேயரில் போட்டால் அது பிளேயருக்கும், அங்கிருந்து அடுத்த டேப்புக்கும் போகும், உங்கள் மூச்சுக்கும் போகும். டேப்பின் மேல்பூச்சு ஈரம் குடித்துப் பிசுபிசுத்திருந்தால் ஒரே ஓட்டத்தில் உரிந்து வந்துவிடும். அப்படிப்பட்டதை 50 டிகிரி அளவில் பல மணி நேரம் பதமாகச் சூடாக்கி, உடனே பதிவு எடுப்போம். அதற்கான கருவி வேறு. வீட்டு அவனில் வைத்துப் பார்க்காதீர்கள், வைத்தவர்கள் இருக்கிறார்கள்.

விஹெச்எஸ் கேசட்டின் முதுகில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுங்கள். மினி டிவி, ஹை 8 கேசட்டுகளில் சின்ன தாழ்ப்பாள் இருக்கும், தள்ளிவிடுங்கள். மேலே தெரியாமல் ரெக்கார்டிங் ஆவதை இது தடுக்கும்.

படச்சுருள் டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாசனை அடித்தால் சுருளின் பிளாஸ்டிக்கான அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பின்னோக்கிப் போகாது, குளிர்ச்சியும் வறட்சியுமான இடத்தில் வைத்தால் வேகம் குறையும். பக்கத்து டப்பாவுக்கும் தொற்றும் என்பதால் முதலில் பிரித்து வையுங்கள். கேசட்டுகளை நிமிர்த்தி அடுக்குங்கள். பரண் வேண்டாம், நிலவறை வேண்டாம். ஈரம் போகாத பிளாஸ்டிக் பையில் கட்டுவதும் வேண்டாம். காந்தத்துக்குப் பயப்படுகிறவர்கள் ஈரத்துக்குப் பயப்படுவதில்லை, அது என்ன கணக்கோ.

டிஜிட்டல் செய்யக் கொடுக்கும்போது வாய் திறந்து கேளுங்கள். மினி டிவி என்றால் ஃபயர்வயர் என்ற கேபிள் வழியாகத் தரவாகவே இறக்க வேண்டும், திரையில் ஓட்டிப் பதிவு செய்யக் கூடாது. அனலாக் என்றால் சுருக்காத கோப்பு வேண்டும், அல்லது எஃப்எஃப்வி1 போல ஒன்றையும் இழக்காமல் சுருக்கும் முறையில் வேண்டும். பழைய வீடியோவில் படம் ஒன்றுவிட்டு ஒன்று வரிகளாகப் பின்னப்பட்டிருக்கும், அதைப் பிரித்து ‘மென்மையாக்க’ வேண்டாம் என்று சொல்லுங்கள், அதைப் பிறகு பிரதியில் செய்யலாம். பார்க்கத் தனியாக ஒரு சின்ன எம்பி4 வாங்கிக்கொள்ளுங்கள். கோப்புகளை மூன்று பிரதியாக, ஒன்றாவது வேறு கட்டடத்தில் வையுங்கள். டேப் திரும்பி வந்தே ஆக வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். இதற்கெல்லாம் முகம் சுளிப்பவரிடம் கொடுக்காதீர்கள்.

தள்ளிப்போட நேரம் இல்லை. டேப்பில் இருப்பதை 2025க்குள் மாற்றாவிட்டால் பெரும்பாலும் இழந்துவிடுவோம் என்று ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம் 2015லேயே எச்சரித்தது. டேப் தேய்வது ஒரு பக்கம், ஓட்ட இயந்திரம் இல்லாதது இன்னொரு பக்கம். விஹெச்எஸ் பிளேயர் செய்துகொண்டிருந்த ஃபூனாய் நிறுவனமும் 2016இல் நிறுத்திவிட்டது. நாங்கள் பழைய இயந்திரங்களைப் பிரித்து உதிரிப் பாகம் எடுத்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்யப் பணம் இருக்காது, தெரியும். முதலில் மூலப் பதிவுகள், வேறெங்கும் பிரதி இல்லாதவை, நாற்றமடிப்பவை. முடிந்த படத்துக்கு எங்காவது ஒரு பிரின்ட் இருக்கும், அது கொஞ்சம் காத்திருக்கலாம். பணம் சேரும்வரை செலவில்லாத வேலை ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்தில் குழுவில் இருந்த பெரியவர்களைக் கூப்பிட்டு, கையில் இருக்கும் மங்கலான பிரதியையாவது ஓட்டி, யார் யார் என்று பெயர்களை எழுதுங்கள். தேதி, இடம், பாடியது யார், கேமரா பிடித்தது யார். கேசட் உறையில் ‘கூட்டம் 2’ என்று மட்டும் இருந்தால் எந்த இயந்திரத்தாலும் எனக்கு உதவ முடியாது. பெட்டிக்குள் கிடக்கும் நோட்டீஸ், துண்டுச்சீட்டு, ரசீது எதையும் எடுத்து எறியாதீர்கள், அவற்றிலிருந்துதான் நான் தேதி கண்டுபிடிக்கிறேன். கூரியரில் போடுவதற்கு முன் ஒரு போன் செய்யுங்கள், எப்படிக் கட்டுவது என்று சொல்கிறேன்.