சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு வந்தவர்களுக்கு

"அண்ணாச்சி, நான் என்ன களவாண்டுட்டா வந்தேன்? பிடிக்கல, வந்துட்டேன். அதுக்குப் போயி சர்டிபிகேட் தர மாட்டேங்காங்க." பாளையங்கோட்டையில் பி.எஃப்., தொழிலாளர் சட்ட வேலைகளைப் பார்க்கிற என்னிடம் பலர் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். கோயில் கொடைக்கு ஊருக்கு வந்தவர் திரும்பிப் போகாமல் இருந்துவிடுவார். நிச்சயதார்த்தம் ஆனதும் சென்னையில் வேலை பார்க்கிற மகளை அப்பா கையோடு கூட்டி வந்துவிடுவார். 2023 டிசம்பர் வெள்ளத்தில் வீடு முங்கி, வீட்டாரைப் பார்க்க ஓடி வந்து அப்படியே தங்கிவிட்டவர்களும் உண்டு. காரணங்கள் பெரும்பாலும் நியாயமானவைதான். ஆனால் ஒரு வரி எழுதிக் கொடுக்காததால், கம்பெனி ஃபைலில் எல்லாரும் 'ஆப்ஸ்காண்ட்', அதாவது சொல்லாமல் ஓடிப்போனவர், கணக்கில் சேர்ந்துவிடுகிறார்கள்.

முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். ராஜினாமா எழுதாமல் வேலையை விடுவது மட்டுமே குற்றமாகாது. போலீஸில் பிடித்துக் கொடுப்போம் என்று போனில் யாராவது மிரட்டினால் நடுங்க வேண்டாம். கம்பெனி லேப்டாப், வசூல் பணம், கடைச் சாவி என்று ஏதாவது உங்கள் கையில் இருந்தால்தான் சிக்கல். அது நம்பிக்கை மோசடிப் புகாராக மாறலாம். உடனே ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். முன்கூட்டிச் சொல்லாததற்கு ஈடாக நோட்டீஸ் காலச் சம்பளத்தைக் கேட்பார்கள், அது சிவில் விவகாரம். பி.எஃப். பணம் உங்களுடையது, கம்பெனி அதைப் பிடித்து வைக்க முடியாது. ஐந்து வருஷத் தொடர் பணி முடித்திருந்தால், சொல்லாமல் போனார் என்ற ஒரே காரணத்துக்காகக் கிராஜுவிட்டியை (பணிக்கொடையை) மறுக்கவும் முடியாது.

அடி விழுவது வேறு இடத்தில், அதுவும் தாமதமாக. நர்ஸிங் படித்த பிள்ளைகளிடம் இதை அதிகம் பார்க்கிறேன். தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி. வெளியூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஐ.சி.யூ.வில் வேலை. ஓய்வே இல்லாமல் நைட் டியூட்டி போட்டதால், ஒரு நாள் ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு பஸ் ஏறிவிட்டாள். சில வருஷம் கழித்து துபாயில் வேலை அமைந்தது. அங்கே நர்ஸ் லைசென்ஸ் வாங்க டேட்டாஃப்ளோ சரிபார்ப்பு உண்டு. நாம் காட்டுகிற அனுபவச் சான்றிதழை அப்படியே ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். கொடுத்த ஆஸ்பத்திரிக்கே எழுதிக் கேட்பார்கள். இவளிடம் சான்றிதழே இல்லை. அவளைத் தெரிந்த வார்டு இன்சார்ஜ் வேலையை விட்டுப் போயிருந்தார், ஹெச்.ஆரில் எல்லாம் புது ஆட்கள். ஃபைலைப் பிரித்தால் கடைசித் தாளில் 'தகவலின்றிப் பணிக்கு வரவில்லை' என்ற ஒரு வரிதான். அவள் கண்விழித்துப் பார்த்துக்கொண்ட நோயாளிகளைப் பற்றி அந்த ஃபைலில் ஒரு சொல்கூடக் கிடையாது. விளக்கக் கடிதம் எழுதி, நோட்டீஸ் பணம் கட்டி, பணிச்சான்று வாங்கினோம். அதற்குள் துபாய் இடத்துக்கு வேறு ஆள் போய்விட்டார். நல்ல வேலைக்காரி அவள். இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

'அந்த வேலையை ரெஸ்யூமேயில் போடாம விட்டாப் போச்சு' என்று சிநேகிதர்கள் யோசனை சொல்வார்கள். அந்தக் காலம் போய்விட்டது. 2014-இல் யு.ஏ.என்., அதாவது எந்தக் கம்பெனிக்கு மாறினாலும் மாறாத பி.எஃப். எண், வந்த பிறகு, எங்கெங்கே எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள் என்பதெல்லாம் ஒரே எண்ணின் கீழ் கிடக்கிறது. சம்பளத்தில் வருமான வரி பிடித்திருந்தால், அந்தப் பிடித்தத்தைக் காட்டும் படிவம் 26ஏஎஸ்ஸிலும் பழைய கம்பெனியின் பெயர் நிற்கும். சொல்லாமல் வேலையை விட்டு வந்ததையாவது விளக்கிச் சொல்லலாம். மறைத்தது வெரிஃபிகேஷனில் தெரிந்தால், சேர்ந்த வேலையும் போகும்.

நம் ஊர்ப்பக்கம் அதிகம் கோட்டைவிடுவது தபால் விஷயத்தில். கம்பெனி கடிதம் ஆதாரில் இருக்கிற கிராமத்து முகவரிக்குத்தான் வரும். வீட்டில் பெரியவர்கள், "கையெழுத்துப் போட்டு எதையும் வாங்காத, கேஸ் வந்துரும்" என்று தபால்காரரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உண்மையில் அந்தக் கடிதம் உங்களுக்குச் சாதகமான ஒன்று. எட்டு நாளுக்கு மேல் தகவல் இல்லாமல் வராதவருக்குத் தானாகவே வேலை போய்விடும் என்ற நிலையாணையை (நிறுவனத்தின் பணி விதியை) காட்டி டி.கே. யாதவ் என்ற தொழிலாளியை ஒரு நிறுவனம் நீக்கியது. விசாரிக்காமல், அவர் பக்கத்தைக் கேட்காமல் அப்படி நீக்கியது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1993-இல் தீர்ப்புச் சொன்னது. 'வேலைக்கு வாருங்கள், வராததற்கு விளக்கம் கொடுங்கள்' என்று கடிதம் வருவது இதனால்தான். சரியான முகவரிக்கு வந்த தபாலை வாங்க மறுத்தால், அது உங்களுக்குக் கிடைத்துவிட்டதாகவே பொதுவாகக் கோர்ட் எடுத்துக்கொள்ளும். நீங்கள் இல்லாமலே விசாரணை முடிந்து பணிநீக்கம் என்று உத்தரவாகிவிடும். தானாக விலகியவர், நீக்கப்பட்டவர் ஆகிவிடுகிறார். முன்பு எங்காவது பணிநீக்கம் செய்யப்பட்டீர்களா என்று பின்னால் ஒரு விண்ணப்பம் கேட்டால், ஆம் என்றுதான் எழுத வேண்டும்.

மேலப்பாளையம், கடையநல்லூர், ஏர்வாடிப் பக்கம் வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கே இதன் கணக்கே வேறு. சவூதியில் முதலாளி 'ஹுரூப்', அதாவது ஓடிப்போனார் என்ற புகார், போட்டுவிட்டால் அங்கே தங்குவதற்கான அனுமதியான இக்காமாவே ஆட்டம் காணும். அமீரகத்தில் 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, நியாயமான காரணம் இல்லாமல் வேலையை விட்டு நின்றவருக்கு ஒரு வருஷத்துக்கு வேறு வேலை அனுமதி கிடையாது. சம்பளம் தராத முதலாளியாக இருந்தாலும் ரூமை விட்டு ஓடாதீர்கள். முதலில் தொழிலாளர் துறையில் புகாரைப் பதிவு செய்யுங்கள்.

ஏற்கெனவே விட்டு வந்தாயிற்றா? இப்போதும் எழுதலாம். உங்கள் சொந்த மெயிலிலிருந்து அனுப்புங்கள், கம்பெனி மெயிலை முடக்கியிருப்பார்கள். அதே கடிதத்தை ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நான் எழுதிக் கொடுப்பது இவ்வளவுதான்: 'இன்ன தேதி வரை பணியாற்றினேன். குடும்பச் சூழ்நிலையால் அதன்பின் வர இயலவில்லை, முன்கூட்டித் தெரிவிக்காததற்கு வருந்துகிறேன். இதை என் ராஜினாமாவாக ஏற்று, நோட்டீஸ் காலக் கணக்கைத் தெரிவித்து, பணிச்சான்று வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்.' சம்பளப் பாக்கியோ, தொந்தரவோ காரணம் என்றால் அதையும் நடந்தது நடந்தபடி எழுதுங்கள். வசவு வேண்டாம். முறைப்படி விடுவித்தோம் என்று சொல்கிற ரிலீவிங் லெட்டர் தர மாட்டோம் என்றால், வேலை பார்த்த காலத்தை மட்டும் குறிப்பிட்டுச் சர்வீஸ் சர்டிபிகேட் கேளுங்கள். பல இடங்களில் அதற்கு இறங்கி வருகிறார்கள்.

பி.எஃப். கணக்கில் வெளியேறிய தேதியைக் கம்பெனி போடாமல் விட்டிருந்தால், கடைசியாகப் பணம் செலுத்திய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே போடலாம். யு.ஏ.என். தளத்தில் 'மார்க் எக்ஸிட்' என்று இருக்கும். ஆதாரோடு இணைத்த மொபைலுக்கு ஓ.டி.பி. வரும். கடைசிச் சந்தா செலுத்திய மாதத்துக்குள் வருகிற தேதியைத்தான் அது ஏற்கும். ஒருமுறை பதிந்துவிட்டால் மாற்றுவது பெரும்பாடு. ராஜினாமாக் கடிதத்தில் எழுதிய தேதியும் இதுவும் ஒன்றாக இருக்கிறதா, புது வேலையில் சேர்ந்த தேதிக்கு முந்தியதா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள்.