காற்றுக்காக ஒரு துளை: குழந்தையின் செவிப்பறையில் கிராமெட் குழாய்

செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் நடுக்காது, தனக்குள் இருக்கும் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே உறிஞ்சிக்கொள்ளும் ஒரு சிறிய அறை. அதன் சுவரை மூடியிருக்கும் மென்சவ்வில் ஓடும் ரத்தம், அந்தக் காற்றிலுள்ள வாயுக்களை ஓயாமல் இழுத்துக்கொள்கிறது. இழந்ததை ஈடுகட்ட அந்த அறைக்கு ஒரே வழிதான் உண்டு. அது மூக்கின் பின்பகுதியில் போய்த் திறக்கும் யூஸ்டேகியன் குழாய். 16-ஆம் நூற்றாண்டில் அதை விவரித்த இத்தாலிய உடற்கூறியலாளர் பார்த்தலோமியோ யூஸ்டாகியின் பெயரைத் தாங்கி நிற்கும் இந்தக் குழாய், பெரும்பாலான நேரம் மூடியே கிடக்கும். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அண்ணத்தோடு இணைந்த ஒரு சிறு தசை சுருங்கி, அரை நொடிக்கும் குறைவான நேரம் அதைத் திறந்துவிடுகிறது. அந்த இடைவெளியில் சிறிது காற்று உள்ளே போகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பஸ் ஏறும்போது அடைத்துக்கொண்ட காது, எச்சில் விழுங்கியதும் 'டப்' என்று விடுபடுகிறதே, அது இந்தக் குழாய் திறப்பதால்தான்.

பெரியவர்களிடம் இந்தக் குழாய் ஏறக்குறைய 35 மில்லிமீட்டர் நீளம். காதிலிருந்து தொண்டையை நோக்கிச் சுமார் 45 பாகை சரிவில் இறங்குகிறது. கைக்குழந்தைக்கோ அதில் பாதி நீளம்தான், சரிவும் 10 பாகையை ஒட்டித்தான் இருக்கும். கிட்டத்தட்டப் படுக்கைவாட்டம். குருத்தெலும்பு இன்னும் உறுதிப்படவில்லை, தசையின் இழுப்பும் சரியாக வாய்க்கவில்லை. குழாயின் வாயருகே அடினாய்டு சதை வேறு புடைத்து நிற்கிறது. இந்த நிலையில் ஒரு சளி பிடித்தால் போதும், சவ்வு வீங்கிக் குழாய் அடைபட்டுவிடும்.

அடைபட்ட அறையில் காற்று குறைந்துகொண்டே போகிறது. உள்ளே அழுத்தம் தாழ, செவிப்பறை உட்புறமாக இழுபடுகிறது, சுவரிலிருந்து நீர் கசிந்து தேங்குகிறது. மூக்கின் பின்புறம் வழக்கமாகக் குடியிருக்கும் கிருமிகள் குட்டையான அந்தக் குழாய் வழியே எளிதாக மேலே ஏறுகின்றன. நிமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயென்சே, மொராக்செல்லா ஆகிய மூன்றும்தான் பெரும்பாலும் காரணம். தேங்கிய நீர் சீழாகிறது. சளி பிடித்த இரண்டு மூன்று நாளில் குழந்தை காய்ச்சலோடு, படுக்கவைத்தால் அலறும் நிலைக்கு வருவது இப்படித்தான்.

இங்கே இரண்டு நோய்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும், பெற்றோர் குழம்புவதும் இந்த இடத்தில்தான். ஒன்று, வலியோடும் காய்ச்சலோடும் வந்து போகும் தொற்று. மற்றொன்று, தொற்று அடங்கிய பிறகும் வடியாமல் உள்ளேயே தங்கிவிடும் நீர். பல குழந்தைகளுக்கு மூன்று மாதத்துக்குள் அது தானாக வற்றிவிடும். சிலருக்கு மட்டும் வற்றாமல், நாளடைவில் கெட்டியாகிப் பசைபோல் ஆகிவிடுகிறது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. குழந்தை நன்றாக விளையாடும். ஆனால் கேட்பது மங்கிவிடும்.

எவ்வளவு மங்கும் என்பதைப் புரிந்துகொள்ள, நடுக்காது ஏன் காற்றோடு இருக்க வேண்டும் என்று பார்க்க வேண்டும். செவிப்பறையின் பரப்பு, உட்காதின் வாசலில் இருக்கும் சிறு சவ்வைப்போல் ஏறக்குறைய 17 மடங்கு. அகலமான பரப்பில் விழும் ஒலியின் விசை மூன்று குட்டி எலும்புகள் வழியாகக் குறுகிய பரப்பில் குவிக்கப்படுவதால், அழுத்தம் 20 மடங்குக்கும் மேல் பெருகுகிறது. இது நடக்க வேண்டுமானால் செவிப்பறை தடையின்றி அதிர வேண்டும். பின்னால் கெட்டித் திரவம் நின்றால் அதிர்வு அடங்கிப்போகும். சராசரியாக 25 டெசிபல் அளவில் கேட்கும் திறன் தாழ்கிறது, சிலருக்கு 50 டெசிபல்வரைகூடப் போகலாம். உரத்துப் பேசினால் கேட்கும், பின்னாலிருந்து மெல்லக் கூப்பிட்டால் கேட்காது. சொல்லின் கடைசியில் வரும் மெல்லிய ஒலிகள் காதில் விழவே விழாது. பேசக் கற்றுக்கொள்ளும் வயதில் 'சொன்னதைக் கேட்பதில்லை, பிடிவாதம்' என்று பெயர் வாங்கும் குழந்தைகளில் சிலருக்கு உண்மையிலேயே கேட்பதில்லை. அடிக்கடி தடுமாறி விழுவதும் இதே நீரால் இருக்கக்கூடும்.

இதைக் கண்டுபிடிக்கும் கருவி எளிமையானது, வலிக்காதது. டிம்பனோமீட்டரின் மென்மையான முனையைக் காதுத்துளையில் வைத்து அடைக்கிறார்கள். உள்ளே ஒரு தாழ்ந்த ஒலி தொடர்ந்து ஒலிக்க, காற்றின் அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் செவிப்பறையை மெல்ல அசைத்துப் பார்க்கிறது கருவி. எந்த அழுத்தத்தில் செவிப்பறை நன்றாக அசைகிறதோ அங்கே வரைபடத்தில் ஒரு முகடு எழும். நடுக்காதில் நீர் நிறைந்திருந்தால் முகடே எழாது. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு தட்டைக்கோடு மட்டும் ஓடும். குழந்தை அழாமல் உட்கார்ந்தால் சில நொடிகளில் முடிந்துவிடும் சோதனை. 'காதில் நீர் இருக்கிறது' என்று சொல்லப்படும் ஒவ்வொரு பெற்றோரும் அந்தத் தாளைக் காட்டும்படி தயங்காமல் கேட்கலாம்.

இனி கிராமெட் குழாய்க்கு வருவோம். காது மூக்கு தொண்டை மருத்துவர் 'கிராமெட் வைக்கலாம்' என்றதும், சீழை வெளியே வடித்துவிடும் குழாய் என்றே பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அதன் முதன்மையான வேலை காற்றை உள்ளே விடுவது. எண்ணெய் டின்னில் ஒரே ஒரு துளை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் திக்கித் திணறித்தான் வரும். எதிர்முனையில் இன்னொரு துளை போட்டதும் காற்று உள்ளே நுழைய, சீராக ஒழுகத் தொடங்கும். செவிப்பறையில் வைக்கும் கிராமெட் அந்த இரண்டாவது துளை. அது வெளிக்காற்றை அனுமதித்ததும் நடுக்காதின் தாழ்ந்த அழுத்தம் சமனாகிறது, சவ்வு நீர் கசிவதை நிறுத்துகிறது, மிச்சமிருப்பது பழைய வழியிலேயே தொண்டைக்குள் இறங்குகிறது. வளரும்வரை யூஸ்டேகியன் குழாய் செய்ய முடியாத வேலையை இது ஏற்றுக்கொள்கிறது, அவ்வளவுதான். யாருக்கு இது தேவை, ஏன் சில மாதங்களில் விழுந்துவிட வேண்டும் என்பதெல்லாம் இந்த ஓர் உண்மையிலிருந்தே விளங்கிவிடும்.

சிலிகானிலோ ஃப்ளூரோபிளாஸ்டிக்கிலோ டைட்டானியத்திலோ செய்யப்படும் அது, இரு முனைகளிலும் விளிம்பு அகன்று இடை சிறுத்த ஒரு துண்டு. உள்துளையின் விட்டம் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். அதை ஏந்தும் செவிப்பறையோ 0.1 மில்லிமீட்டர் தடிமன் உள்ள சவ்வு.

சின்னக் குழந்தை அசையாமல் இருக்காது என்பதால், முகமூடி வழியாக மயக்க வாயு கொடுக்கிறார்கள். தொண்டைக்குள் குழாய் இறக்க வேண்டிய தேவை பொதுவாக வருவதில்லை. தலையை ஒருபுறம் சாய்த்து, கூம்பு வடிவ உலோகக் குழலைக் காதுத்துளையில் பொருத்தி, அறுவை நுண்ணோக்கியை அதன்மேல் நிறுத்துகிறார் மருத்துவர். முதலில் குறும்பியை எடுக்க வேண்டும். பிறகு செவிப்பறையின் முன்பக்கக் கீழ்ப்பகுதியில் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு கீறல். பின்பக்க மேற்பகுதியை ஒருபோதும் தொடுவதில்லை, காது எலும்புகளின் நுட்பமான இணைப்பு அங்கேதான் இருக்கிறது. கீறலில் உறிஞ்சுகுழலை வைத்ததும், நாள்பட்ட நீராக இருந்தால் இழை இழையாக நீண்டு வருவதைக் காணலாம். முழுவதையும் எடுத்துத் தீர்க்க வேண்டும் என்பதில்லை, மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும். மெல்லிய இடுக்கியால் கிராமெட்டின் ஒரு விளிம்பைக் கீறலுக்குள் நுழைத்து, முனை வளைந்த ஊசியால் மெதுவாக அழுத்தினால், சட்டென்று உட்கார்ந்துகொள்கிறது. தையல் கிடையாது. இரண்டு காதுக்கும் சேர்த்து 10 முதல் 15 நிமிடம். அன்றே வீட்டுக்குப் போகலாம். வழியில் வண்டியின் ஹார்ன் சத்தத்துக்கே மிரளும் குழந்தைகள் உண்டு. அத்தனை நாளும் அது அவர்களுக்கு மங்கலாகத்தான் கேட்டிருக்கிறது.

இந்த எளிய யோசனை கைகூட ஒன்றரை நூற்றாண்டு ஆனது. செவிப்பறையைத் துளைத்தால் சிலருக்குக் கேட்கத் தொடங்குகிறது என்று லண்டனில் காட்டிய ஆஸ்ட்லி கூப்பர், 1801-இல் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கத்தைப் பெற்றார். ஆனால் செவிப்பறை விரைவில் ஆறும் உறுப்பு. துளை சில நாட்களில் மூடிக்கொள்ளும், காது மறுபடியும் அடைத்துக்கொள்ளும். வியன்னாவில் அடாம் பொலிட்சர் 1860-களில் ரப்பர் வளையத்தை வைத்துப் பார்த்தார், அது நிலைக்கவில்லை. 1954-இல் அமெரிக்க மருத்துவர் பெவர்லி ஆம்ஸ்ட்ராங் பிளாஸ்டிக் குழாயோடு வந்தபோதுதான் முறை வேரூன்றியது. நல்ல அறுவை நுண்ணோக்கிகளும் ஏறக்குறைய அதே ஆண்டுகளில்தான் கிடைக்கத் தொடங்கின. இன்று அமெரிக்காவில் குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துச் செய்யும் சிகிச்சைகளில் மிகப் பரவலானவற்றுள் இது ஒன்று.

பரவலாக இருப்பதாலேயே, தேவையில்லாத காதுகளுக்கும் இது போய்விடுகிறதா என்ற கேள்வியை நேர்மையாகக் கேட்டாக வேண்டும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் குழந்தை மருத்துவர் ஜாக் பாரடைஸ் தலைமையில் நடந்த ஆய்வில், மூன்று வயதுக்குள் நீர் தங்கிய குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு உடனே குழாய் வைத்தார்கள், மற்றவர்களுக்குப் பல மாதம் பொறுத்தே முடிவெடுத்தார்கள். 9 முதல் 11 வயதில் சோதித்தபோது பேச்சிலும் படிப்பிலும் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. வேறு குறை இல்லாத குழந்தைகளிடம் நடந்த ஆய்வு அது. அதே நகரத்திலிருந்து 2021-இல் வந்த இன்னோர் ஆய்வு, 6 மாதம் முதல் 35 மாதம்வரையிலான, தொற்று திரும்பத் திரும்ப வந்த 250 குழந்தைகளை எடுத்துக்கொண்டது. இரண்டு ஆண்டுகளில் ஒரு குழந்தைக்கு ஆண்டுக்குச் சராசரியாக, குழாய் வைத்தவர்களுக்கு 1.48 முறையும் வைக்காமல் அவ்வப்போது மருந்து கொடுக்கப்பட்டவர்களுக்கு 1.56 முறையும் தொற்று வந்தது. வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம். முதல் தொற்று வருவது மட்டும் குழாய் வைத்தவர்களுக்குத் தள்ளிப்போனது. அதே சமயம், மருந்துக் குழுவில் இருந்த கணிசமான குழந்தைகளுக்குப் பின்னர் குழாய் வைக்கத்தான் வேண்டியிருந்தது. வயது ஏற ஏற இரு தரப்பிலும் தொற்று குறைந்தது. காலமும் வளர்ச்சியும்தான் பெரிய மருந்து.

இந்த முடிவுகள் குழாய் வீண் என்று சொல்லவில்லை. யாருக்கு என்பதைக் கூர்மையாக்குகின்றன. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் அகாதமி 2022-இல் புதுப்பித்த வழிகாட்டியின்படி, ஆறு மாதத்தில் மூன்று தொற்று, அல்லது ஓர் ஆண்டில் நான்கு தொற்று என்பது 'திரும்பத் திரும்ப' என்ற கணக்கில் வரும். ஆனால் பரிசோதிக்கும் நாளில் நடுக்காதில் நீர் இல்லையென்றால், எத்தனை முறை வந்திருந்தாலும் குழாய் வேண்டாம் என்கிறது அது. தொற்றுகளுக்கு இடையே காது தானாகவே காய்ந்து சுத்தமாகிறது என்றால் யூஸ்டேகியன் குழாய் தன் வேலையைச் செய்கிறது என்றுதான் பொருள். மாறாக, இரண்டு காதிலும் மூன்று மாதத்துக்கும் மேல் நீர் நின்று, கேட்கும் திறனும் குறைந்திருந்தால் தள்ளிப்போடுவதில் பயனில்லை. அண்ணப் பிளவோடு பிறந்த குழந்தைகளையும் டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளையும் தனியாகக் கவனிக்க வேண்டும். அவர்களுக்கு யூஸ்டேகியன் குழாய் எளிதில் சரியாவதில்லை. சளி மருந்து, அலர்ஜி மாத்திரை, ஸ்டீராய்டு எதுவும் நடுக்காது நீரை வற்றவைப்பதில்லை. அந்த டானிக்குகளுக்குச் செலவழிக்கும் பணத்தைக் கேட்கும் திறன் சோதனைக்குச் செலவழிப்பது நல்லது. நாலைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு மூக்கால் பலூன் ஊதும் பயிற்சி உண்டு. அதுவும் காற்றை உள்ளே செலுத்தும் முயற்சிதான்.

வைத்த கிராமெட் பெரும்பாலும் 6 முதல் 18 மாதத்துக்குள் தானாகவே விழுந்துவிடும். செவிப்பறையின் மேல்தோல் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓயாமல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அந்த நகர்வு கிராமெட்டைச் சிறிது சிறிதாக வெளியே தள்ளி, குறும்பியோடு சேர்த்து அனுப்பிவிடுகிறது. பின்னால் துளை மூடிக்கொள்ளும். நூற்றில் ஓரிருவருக்கு மூடாமல் நின்றுவிடலாம், அப்போது பின்னாளில் அடைக்க ஒரு சிகிச்சை வேண்டிவரும். குழாய் விழுந்தபின் நீர் மறுபடியும் தேங்குகிறவர்களும் உண்டு. நான்கு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு இரண்டாம் முறை குழாய் வைக்கும்போது அடினாய்டையும் சேர்த்து எடுப்பது பற்றி மருத்துவர் பேசுவார்.

குளிக்கலாமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. நீரின் பரப்பு இழுவிசை அந்தச் சின்னத் துளை வழியே சாதாரண நீரை எளிதில் நுழையவிடாது. அதனால் ஒவ்வொரு குளியலுக்கும் காதை அடைக்க வேண்டியதில்லை. சோப்பு கலந்தால் அந்த இழுவிசை குறைந்துவிடும் என்பதால், நுரை நிறைந்த தொட்டியில் தலையை முக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். நம் வீடுகளில் மட்டும் இன்னொன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது: எண்ணெய்க் குளியலின்போது காதில் எண்ணெய் விடும் பழக்கம் கூடவே கூடாது. திறந்த துளை வழியே அது நேராக நடுக்காதுக்கே போய்ச் சேரும்.

குழாய் இருக்கும்போது சளி பிடித்தால் காது ஒழுகலாம். பயப்பட வேண்டாம், சீழ் உள்ளே அழுந்தி வலிப்பதற்குப் பதில் வெளியே வருகிறது. இதற்கு வாய்வழி ஆன்டிபயாடிக்கைவிடச் சொட்டு மருந்தே மேல் என்று 2014-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு தெளிவாகக் காட்டியது. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது, சொட்டு மருந்து பெற்றவர்களில் 5 சதவீதத்தினருக்குத்தான் காது ஒழுகிக்கொண்டிருந்தது. வாய்வழி மருந்து பெற்றவர்களில் அது 44 சதவீதம். குழாய்க்கு உகந்த சொட்டு எது என்பதை மருத்துவரே எழுதித் தர வேண்டும், வீட்டில் கிடக்கும் பழைய பாட்டிலை எடுக்கக் கூடாது. விடும் முறையும் முக்கியம். முதலில் வெளியே வந்ததைச் சுத்தமான துணியால் துடைத்துவிட்டு, பாட்டிலைக் கையில் வைத்துக் கொஞ்சம் சூடேற்றி, குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்துச் சொட்ட வேண்டும். பிறகு காதுத்துளைக்கு முன்னால் துருத்தி நிற்கும் சிறு மடலை நான்கைந்து முறை உள்பக்கமாக அழுத்தி அழுத்தி விட வேண்டும். அப்படி அழுத்தும்போதுதான் மருந்து கிராமெட்டைத் தாண்டி நடுக்காதுக்குள் இறங்கும்.