சொந்த நேம்சர்வர் வைப்பவர்கள் மறந்துவிடும் பாதி வேலை

டொமைன் பெயருக்கு ஐபி முகவரியைத் தேடித் தரும் அமைப்பு டிஎன்எஸ்; அதில் ஒரு டொமைனுக்காகப் பதில் சொல்லும் சர்வர்தான் நேம்சர்வர். தன் டொமைன் பெயரிலேயே சொந்தமாக நேம்சர்வர் வைப்பவர்கள் பதிவாளரின் (டொமைனைப் பதிந்து தந்த நிறுவனம்) தளத்தில் இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டும். எந்த நேம்சர்வர்கள் இந்த டொமைனுக்குப் பொறுப்பு என்று குறிப்பது ஒன்று. அந்த நேம்சர்வரின் பெயரையும் ஐபி முகவரியையும் ரெஜிஸ்ட்ரியில் (.காம் போன்ற ஒரு பின்னொட்டின் முழுப் பட்டியலையும் வைத்திருக்கும் அமைப்பு) பதிவது மற்றொன்று. பலர் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள்.

எக்ஸாம்பிள்.காம் டொமைனுக்கு என்எஸ்1.எக்ஸாம்பிள்.காம்தான் நேம்சர்வர் என்று வைத்துக்கொள்வோம். அதன் ஐபியை அறிய அதையே கேட்டாக வேண்டும். கேட்பதற்கோ ஐபி வேண்டும். சாவியை உள்ளே வைத்துப் பெட்டியைப் பூட்டிய நிலை. இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் ரெஜிஸ்ட்ரியின் .காம் சர்வர்கள் ஐபியையும் கூடவே தருகின்றன. இதுதான் க்ளூ ரெக்கார்டு. பதிவாளருக்குப் பதிவாளர் இதன் பெயர் மாறும்: சைல்டு நேம்சர்வர், பிரைவேட் நேம்சர்வர், ஹோஸ்ட் ரெக்கார்டு. டிஎன்எஸ் ரெக்கார்டுகளைத் திருத்தும் பக்கம் வேறு; அங்கே ஏ ரெக்கார்டு (ஒரு பெயரின் ஐபியைச் சொல்லும் வரி) சேர்ப்பதால் க்ளூ உருவாகாது.

வரிசை முக்கியம். முதலில் சர்வர் பதில் சொல்ல வேண்டும்: அதிலுள்ள ஜோன் கோப்பில், அதாவது உங்கள் டொமைனின் ரெக்கார்டுகள் இருக்கும் கோப்பில், என்எஸ் ரெக்கார்டுகளும் (நேம்சர்வர்களின் பெயர்கள்), அந்தப் பெயர்களுக்கான ஏ ரெக்கார்டுகளும் இருக்கட்டும் (ஒரு பெயரை வேறு பெயருக்குத் திருப்பும் சிநேம் கூடாது). டிஎன்எஸ் கேள்விகள் வரும் போர்ட் 53, யுடிபி, டிசிபி என்ற இரண்டு அனுப்பும் முறைகளிலும் திறந்திருக்க வேண்டும். டிசிபியை ஃபயர்வாலில் அடைத்துவிட்டால் பெரிய பதில்கள் மட்டும் போய்ச் சேராது. காரணம் பிடிபடவே நேரமாகும். அதன்பின் ஹோஸ்டைப் பதியுங்கள். கடைசியாக டொமைனின் நேம்சர்வரை மாற்றுங்கள். டிஎன்எஸ்செக் (பதில்களுக்குக் கையொப்பமிடும் பாதுகாப்பு) இருந்தால், அந்தக் கையொப்பச் சாவியை ரெஜிஸ்ட்ரியில் அடையாளம் காட்டும் பழைய டிஎஸ் ரெக்கார்டை அப்படியே விட்டுவிட்டு மாற்றாதீர்கள். கையொப்பத்தைச் சரிபார்க்கும் ரிசால்வர்கள் (பயனருக்காக நேம்சர்வர்களைக் கேட்டுப் பதில் வாங்கித் தரும் சர்வர்கள்) உங்கள் பதிலை நிராகரித்துவிடும்.

குறைந்தது இரண்டு நேம்சர்வர் வேண்டும். ஒரே கணினிக்கு இரண்டு ஐபி கொடுத்தால் படிவம் ஏற்றுக்கொள்ளலாம், ஆனால் அந்தக் கணினி விழுந்தால் இரண்டும் சேர்ந்தே விழும். இரண்டாவதை வேறு நெட்வொர்க்கில், வேறு இடத்தில் வைக்கச் சொல்லி 1997-இலேயே ஆர்எஃப்சி 2182 என்ற இணைய நெறி ஆவணம் வந்துவிட்டது.

அதிகம் அடிவாங்குவது ஐபி மாற்றும்போது. ஜோனில் ஏ ரெக்கார்டைத் திருத்திவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுவார்கள். ரெஜிஸ்ட்ரியோ பழைய ஐபியையே சொல்லிக்கொண்டிருக்கும். பழைய சர்வரை அணைக்கும் நாளில்தான் தளமும் மின்னஞ்சலும் சிலருக்கு மட்டும் தடுமாறும். .காம் சர்வர்கள் தரும் க்ளூவின் ஆயுள் 1,72,800 விநாடி, அதாவது இரண்டு நாள். உங்கள் ஜோனில் டிடிஎல்லை (ஒரு பதிலை ரிசால்வர் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்ற அளவு) குறைப்பது இதைத் தொடாது. ஆகவே இரண்டு இடத்திலும் ஐபியை மாற்றிய பிறகும் பழைய சர்வர் குறைந்தது இரண்டு நாள் ஓடட்டும்.

சரிபார்க்க, டிஎன்எஸ் சர்வரிடம் நேரடியாகக் கேட்க உதவும் டிக் (dig) கட்டளை போதும். .காம் சர்வர்களில் ஒன்றான ஏ.ஜிடிஎல்டி-சர்வர்ஸ்.நெட் (a.gtld-servers.net) சர்வரிடம் ரிகர்ஷன் இல்லாமல், அதாவது வேறு சர்வரைக் கேட்காமல் தன்னிடம் உள்ளதை மட்டும் சொல்லும்படி, உங்கள் டொமைனின் என்எஸ் ரெக்கார்டைக் கேளுங்கள். பதிலின் கூடுதல் பகுதியில் வரும் ஐபிதான் ரெஜிஸ்ட்ரியில் உள்ளது.

பிற டொமைன்களும் உங்கள் நேம்சர்வரை நம்பியிருந்தால் அந்த ஹோஸ்டை நீக்க முடியாமல் போகலாம். முதலில் அவற்றை வேறு நேம்சர்வருக்கு மாற்றுங்கள். நேம்சர்வர் பெயரைத் தாங்கும் டொமைன் காலாவதியாகி வேறொருவர் அதைப் பதிந்துவிட்டால், அதை நம்பிய எல்லா டொமைன்களுக்கும் பதில் சொல்லும் அதிகாரம் அவர் கைக்குப் போய்விடும். அந்த ஒரு டொமைனுக்காவது தானியங்கிப் புதுப்பிப்பையும் டிரான்ஸ்ஃபர் பூட்டையும் (வேறு பதிவாளருக்கு மாற்றுவதைத் தடுப்பது) இன்றே போட்டுவிடுங்கள்.