சாக மறுக்கும் செல்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரையில் டிசம்பர் விடுமுறை வெயிலில் நாளெல்லாம் ஆடிய பிள்ளைகளின் தோளில், சில நாட்களில் தோல் மெல்லிய தாளாக உரிவதை இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பலரும் பார்த்திருப்பார்கள். வெயில் சுட்டுவிட்டது என்று சொல்லிக் கற்றாழை தடவுகிறோம். ஆனால் அந்தத் தோலில் மடிந்த செல்களில் பலவற்றை வெயில் நேரடியாகக் கொல்லவில்லை. புற ஊதாக் கதிர்களால் தம் டிஎன்ஏ சிதைந்ததை உணர்ந்து அவை தாமே உயிரை விட்டன. இந்த ஒழுங்கான சாவுக்கு 1972-இல் சூட்டப்பட்ட பெயர் அப்போப்டோசிஸ்; இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது.

இதை ஆராய வழி திறந்தவர் ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய ஜெர்மிஸ்டனில் 1927-இல் பிறந்து, விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் படித்த சிட்னி பிரென்னர். அவர் ஆய்வுக்குத் தேர்ந்த ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு வளர்கையில் உருவாகும் 1090 உடல் செல்களில் 131 செல்கள் மடிகின்றன. எந்தப் புழுவை எடுத்தாலும் மடிபவை அதே செல்கள்தாம். சாவும் மரபணுவில் எழுதப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. பிரென்னர், ஜான் சல்ஸ்டன், ராபர்ட் ஹோர்விட்ஸ் மூவரும் 2002-இல் நோபல் பரிசு பெற்றனர்.

சாகச் சொல்லும் கட்டளை செல்லுக்குள் எப்படிச் செல்கிறது? நலமான செல்லில் பி53 என்ற புரதத்தை எம்டிஎம்2 என்ற இன்னொரு புரதம் உடனுக்குடன் அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். டிஎன்ஏ உடைந்தால், அதைக் கண்டறியும் நொதிகள் பி53-இன் மேல் பாஸ்பேட்டை ஒட்ட, எம்டிஎம்2-இன் பிடி தளர்ந்து பி53 பெருகுகிறது. அது செல் பிரிவதை நிறுத்திப் பழுதுபார்க்க அவகாசம் தருகிறது. பழுது தீராதபோது, சாவைத் தடுத்துக் காவலாக நிற்கும் பிசிஎல்-2 புரதங்களை முடக்கும் மரபணுக்களை இயக்குகிறது. காவல் நீங்கியதும் பேக்ஸ், பேக் என்னும் புரதங்கள், செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் துளையிட, உள்ளிருந்த சைட்டோகுரோம் சி வெளியே கசிகிறது. செல்லின் சுவாசத்துக்கு எலக்ட்ரானைச் சுமந்து உயிர் காத்த மூலக்கூறு அது. இடம் மாறி வெளியே வந்த கணத்தில் அதுவே சாவின் செய்தியாகிறது. அது ஏழு ஆரமுள்ள சக்கரம் போன்ற ஒரு புரதக் கூட்டை உருவாக்கிக் கேஸ்பேஸ் நொதிகளைத் தூண்ட, அவை செல்லின் உட்கட்டமைப்பை வெட்டுகின்றன. செல் சுருங்கிச் சிறு பொட்டலங்களாகப் பிரிய, அருகிலுள்ள செல்கள் அவற்றை விழுங்கிவிடுகின்றன. அழற்சி பெரும்பாலும் எழுவதில்லை.

இந்தத் தொடரில் ஒரு கண்ணி அறுந்தாலே புற்றுநோய்க்கு வழி பிறக்கலாம். ஏறத்தாழப் பாதிப் புற்றுநோய்களில் பி53 மரபணு பழுதுபட்டிருக்கிறது. தென்னாப்பிரிக்கப் பகுதியின் கல்லீரல் புற்றுக் கட்டிகளை ஆராய்ந்து 1991-இல் வெளியான முடிவுகள், அந்த மரபணுவின் 249-ஆவது கோடானில், அதாவது மூன்றெழுத்துத் தொகுதியில், ஒரே எழுத்து மாற்றம் திரும்பத் திரும்ப வருவதைக் காட்டின. பூஞ்சணம் பிடித்த நிலக்கடலையிலும் சோளத்திலும் இருக்கும் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு விட்டுச்செல்லும் தடம் அது. பூத்த கடலையைக் கழுவி வறுத்துவிட்டால் போதும் என்று நினைக்கவே கூடாது. அந்த நஞ்சு சமையல் சூட்டை வெகுவாகத் தாங்கும்.

வேறு சில புற்றுகளில் பழுது இருப்பது காவலாளியிடம். ஒருவகை நிணநீர்ப் புற்றில் 14, 18-ஆம் குரோமோசோம்கள் துண்டு மாறி ஒட்டுவதால் பிசிஎல்-2 அளவின்றி உற்பத்தியாகிறது. அந்த மரபணுவைச் செல்களுக்குள் செலுத்தி 1988-இல் சோதித்தபோது, அவை வேகமாகப் பெருகவில்லை. ஊட்டச் சமிக்ஞை நின்ற பின்னும் சாகாமல் இருந்தன. அதுவரை அறியப்பட்ட புற்று மரபணுக்கள் பெருக்கத்தைத் தூண்டுபவையாக இருந்ததால், இது பார்வையையே மாற்றியது. 2016-இல் அமெரிக்காவில் ஒருவகை ரத்தப் புற்றுக்கு அனுமதி பெற்ற வெனெட்டோகிளாக்ஸ் மருந்து, பிசிஎல்-2-இன் மேலுள்ள பள்ளத்தில் அமர்ந்து, அது பிடித்துவைத்திருந்த சாவுப் புரதங்களை விடுவிக்கிறது. அதுவரை தடுக்கப்பட்டிருந்த கட்டளை மைட்டோகாண்ட்ரியாவை எட்டுகிறது.