ஹோலோடைப்புக்குத் தமிழ் ‘தனிச்சான்று’

புதிய வண்டு ஒன்று அறிவிக்கப்பட்டதும் வரும் தமிழ்ச் செய்திகளில் இப்படி ஒரு வாக்கியம் தட்டுப்படும்: “இச்சிற்றினத்தின் வகைமாதிரி அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளது.” ஒரு சிற்றினப் பெயருக்கு ஆதாரமாக வைக்கப்படும் ஒற்றை உடலை ‘ஹோலோடைப்’ என்பார்கள்; அதைத்தான் இப்படி எழுதுகிறார்கள். ‘முழுவகை’, ‘முழுமாதிரி’ என்று எழுதுவோரும் உண்டு. மூன்றுமே பிழை. அவற்றில் ‘வகைமாதிரி’ செய்யும் கெடுதல்தான் அதிகம், கேட்பதற்கு அது சரியான சொல் போலவே இருப்பதால்.

சொல்லின் வேர் கிரேக்கம். ‘ஹோலோஸ்’ என்றால் முழுமை. ‘டூபோஸ்’ என்றால் அடி விழுந்த தடம், முத்திரை பதிந்த அச்சு. ‘வகை’ என்ற பொருள் அதற்குப் பிற்பாடு ஏறியது. உயிரியலில் ஹோலோடைப் என்பது, ஒரு சிற்றினப் பெயருக்கான ஆதாரம் முழுவதையும் தன்மேல் தாங்கும் ஒற்றை உடல். அந்த ‘முழுவதும்’ ஆதாரத்தைக் குறிக்கிறது, உடலை அல்ல. ஒரு காலும் பாதி உணர்கொம்பும் உடைந்துபோன வண்டும் ஹோலோடைப்பாக இருக்கலாம். ‘முழுமாதிரி’ என்று படிப்பவருக்கு இது எப்படிப் புரியும்?

இந்தச் சொல்லின் பொருளைத் தெளிவாகக் காட்டுபவை மண்ணுக்குள் வாழும் குட்டித் தரைவண்டுகள். அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைக்காடுகளில் அனிலினஸ் என்றொரு பேரினம் உண்டு. கண் கிடையாது, பறக்கும் இறகு கிடையாது. வெளிறிய பழுப்பு நிறம், நீளம் ஏறத்தாழ 2 மி.மீ. இலைச்சருகைச் சலித்து, விளக்குச் சூடு படும் புனலில் இட்டால் வண்டுகள் கீழே இறங்கிச் சாராயக் குப்பியில் விழும். ஒரே இடத்துச் சருகில் கிடைத்த பத்து வண்டுகள் உருப்பெருக்கியில் ஒன்றுபோலவே தெரியும். அவை ஒரே சிற்றினமா என்பதை ஆணின் புணருறுப்பைப் பிரித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இவ்வளவு சிறிய உடலில் ஊசி குத்த முடியாது. முக்கோணமாக வெட்டிய அட்டையின் நுனியில், நீரில் கரையும் பசையை மிகச் சிறிய அளவு வைத்து ஒட்டுவார்கள். ஊசி அட்டையில்தான் ஏறும். பசை கூடினால் அடிப்பக்கமும் கால்களின் அடியும் மூடிக்கொள்ளும், பிறகு அங்குள்ள மயிர்களின் அமைப்பைப் பார்க்க வழியில்லை. வயிற்றின் நுனியைத் திறந்து உறுப்பை எடுத்து, தசை கரைய 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் இட்டு, நன்றாகக் கழுவி, கிளிசரினில் வைத்து நுண்ணோக்கியில் வரைவார்கள். ஹைட்ராக்சைடில் அதிக நேரம் விட்டால் உறுப்புக்குள் இருக்கும் பையின் மெல்லிய தகடுகள் வெளுத்துவிடும். பல சிற்றினங்களைப் பிரித்துக் காட்டுவதே அந்தத் தகடுகள்தாம். வரைந்து முடித்த உறுப்பைச் சிறு கிளிசரின் குப்பியில் அடைத்து அதே ஊசியில் மாட்ட வேண்டும். தனியாக வைத்தால் எந்த உறுப்பு எந்த உடலுடையது என்ற தொடர்பு அறுந்துபோகும். ஊசியில் இடம், தேதி, திரட்டியவர் பெயர் உள்ள சீட்டும், வழக்கப்படி சிவப்பு நிறத்தில் ஹோலோடைப் சீட்டும் ஏறும்.

இப்போது ‘வகைமாதிரி’க்கு வருவோம். தமிழ் இலக்கியத் திறனாய்வில் ‘வகைமாதிரிப் பாத்திரம்’ என்றால் தன் வர்க்கத்தின் பொதுப் பண்புகளைத் தாங்கிய பாத்திரம். கடையில் மாதிரி கேட்டால், மற்றதெல்லாம் எப்படி இருக்கும் என்று காட்டும் துண்டைத் தருவார்கள். ஆகவே ‘வகைமாதிரி’ என்றதும், அந்தச் சிற்றினத்தின் சராசரி உருவம் இதுதான் என்று வாசகர் எடுத்துக்கொள்கிறார். அவர்மேல் குற்றமில்லை, சொல் அப்படித்தான் சொல்கிறது. ஹோலோடைப்போ சராசரியாக இருக்க வேண்டியதே இல்லை. கூட்டத்திலேயே மிகச் சிறியதாக இருக்கலாம், நிறம் மங்கியதாக இருக்கலாம். உறுப்பு சிதையாத ஆண் என்ற ஒரே காரணத்துக்காக அது தேர்வாகியிருக்கலாம்.

ஒரு ஹோலோடைப்பையும் அதனுடன் 7 பாராடைப்புகளையும் (விவரிப்பில் ஹோலோடைப்புடன் சேர்த்துக் குறிக்கப்படும் மற்ற உடல்கள்) வைத்து ஒரு வண்டுக்குப் பெயரிட்டதாகக் கொள்வோம். பின்னால் ஒருவர் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்து, அந்த 8 உடல்களில் இரண்டு சிற்றினங்கள் கலந்திருப்பதைக் காட்டுகிறார். பெயர் எந்தப் பக்கம் போகும்? ஹோலோடைப் இருக்கும் பக்கம். மற்ற 7-ம் எதிர்ப்பக்கம் நின்றாலும் அப்படித்தான். மாதிரி என்றால் பெரும்பான்மை வென்றிருக்க வேண்டும். இங்கே பெரும்பான்மைக்கு வேலையே இல்லை, பெயருக்குச் சாட்சி சொல்வது ஓருடல். அதனால்தான் ‘சான்று’ என்கிறேன். நீதிமன்றத்தில் சான்றுப்பொருள் என்பது வழக்கின் மாதிரி அல்லவே! பெயரைத் தாங்கும் எல்லா வகைகளுக்கும் பொதுவாகப் ‘பெயர்ச்சான்று’; அவற்றில் ஹோலோடைப்புக்குத் ‘தனிச்சான்று’. பாராடைப்புக்குப் பெயரைத் தாங்கும் வேலை கிடையாது, சிற்றினத்துக்குள் உள்ள வேறுபாடுகளைக் காட்டவே அது பயன்படுகிறது. ‘மாதிரி’ என்ற சொல்லை அதற்குத் தரலாம்: ‘உடன்மாதிரி’.

‘மூலமாதிரி’, ‘ஆதிவகை’ என்ற பரிந்துரைகளும் உண்டு. தனித்தமிழ் ஆர்வத்தை மதிக்கிறேன், ஆனால் தெளிவைக் கெடுக்கும் தூய்மை எனக்கு வேண்டாம். ‘மூலம்’, ‘ஆதி’ என்றவுடன் முன்னோர் வடிவம் என்றோ முதலில் பிடிபட்ட வண்டு என்றோ பொருள் ஓடும். முதலில் பிடிபட்டது பெண்ணாக இருந்து, பல ஆண்டுகள் கழித்துக் கிடைத்த ஆண் ஹோலோடைப் ஆவதற்குத் தடையே இல்லை. இப்படிப்பட்ட தமிழைவிட ‘ஹோலோடைப்’ என்றே எழுதிவிடுவது மேல்.

இதே கவனக்குறைவுதான் ‘கண்டுபிடிப்பு’ என்ற சொல்லிலும். நெலாப்டோடீஸ் கிரெட்டே என்ற வண்டு தரைவண்டுக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல என்றாலும் அதுவும் சருகில் வாழ்வது; நீளம் 0.79 மி.மீ. கென்யாவில் 1960-களில் திரட்டப்பட்டு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்த அதற்கு, சூழலியல் செயற்பாட்டாளர் கிரெட்டா துன்பர்க்கைச் சிறப்பிக்க 2019-இல் வண்டு ஆய்வாளர் மைக்கேல் டார்பி பெயரிட்டார். ‘2019-இல் கென்யாவில் கண்டுபிடிக்கப்பட்டது’ என்று எழுதினால் வாசகர் மனத்தில் காடும் வலையும்தான் தோன்றும். நடந்தது விவரிப்பு: உடலை அளந்து, வரைந்து, நெருங்கிய உறவினங்களிலிருந்து பிரித்துக் காட்டி, பெயரிட்டு அச்சேற்றும் வேலை. ‘விவரிக்கப்பட்டது’ என்று எழுத மொழிபெயர்ப்பாளர்களுக்கு என்ன தயக்கம் என்று தெரியவில்லை. செய்தியின் கவர்ச்சி குறையும் என்ற பயமாக இருக்கலாம். அந்தக் கவர்ச்சிக்காக அருங்காட்சியகப் பெட்டிகளுக்கு முன் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து செய்த வேலை முழுவதும் மறைகிறது.

விலங்கியல் பெயரிடல் விதிநூலும் இந்தச் சான்றை விருப்பத்துக்கு விடவில்லை. 1999-க்குப் பின் வெளியான சிற்றினப் பெயர் செல்லுபடியாக, பெயர்ச்சான்று எது என்று வெளிப்படையாகக் குறித்திருக்க வேண்டும். அது இன்னும் இருக்கும் உடலானால் எந்தத் தொகுப்பில் வைக்கப்படும் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். பழைய விவரிப்புகளில் ஒன்றைத் தனியே குறிக்காமல் பல உடல்களை ஒன்றாக வைத்துப் பெயரிட்டிருப்பார்கள். அவை ‘கூட்டுச்சான்றுகள்’. அவற்றிலிருந்து பின்னால் ஒருவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அறிவித்தால் அது ‘தேர்சான்று’. எஞ்சியவை பெயரைத் தாங்கும் தகுதியை இழக்கும். எல்லாமே அழிந்து, பெயர் எதைக் குறிக்கிறது என்ற குழப்பமும் எழுந்தால் மட்டுமே புதிய உடலொன்றை ‘மாற்றுச்சான்று’ ஆக்கலாம். பெட்டி காலியாக இருக்கிறது என்பதற்காக ஆக்க முடியாது. இத்தனையையும் ‘வகைமாதிரி’ என்ற ஒரே சொல்லில் அடைத்தால், எந்த உடலில் பெயர் நிற்கிறது என்பதைத் தமிழில் எழுதவே முடியாது.