நாற்காலியின் காலை இரண்டு முறை அளக்கவும்

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “வெளிநாட்டு ஏலப் பட்டியல் ஒன்றில் கருங்காலி மரத்தில் செய்த நாற்காலியைப் பார்த்தேன். ‘சோழமண்டலக் கரை, 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி’ என்று போட்டிருந்தது. செய்தவர் பெயர் இல்லை, ரசீது இல்லை, தேதி பொறித்த தகடும் இல்லை. எதை வைத்து இப்படி அடித்துச் சொல்கிறார்கள்? நம்பலாமா?”

எங்கே செய்தது என்பதற்கு ஒரு சாட்சி, எப்போது செய்தது என்பதற்கு வேறு சாட்சி. முதல் கேள்வியிலேயே பெரிய ஆட்கள் வழுக்கி விழுந்திருக்கிறார்கள். லண்டனுக்குப் பக்கத்தில் ஸ்ட்ராபெரி ஹில் என்ற மாளிகையைக் கட்டிய ஹோரஸ் வால்போல் 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பெரிய கலை ரசிகர்களில் ஒருவர். திருகு திருகாகக் கடைந்த கால்களும் முதுகு நிறையப் பூ வேலையுமாகக் கன்னங்கரேலென்று இருந்த கருங்காலி நாற்காலிகளைப் பார்த்தார். எஷர் என்ற ஊரில், மன்னர் எட்டாம் ஹென்றியின் மந்திரியாக இருந்த கார்டினல் வுல்சி வாழ்ந்த இடத்தில் அப்படிப்பட்டவை இருந்ததால், இது அந்த ஹென்றி காலத்துச் சரக்கு என்று முடிவு கட்டிவிட்டார். 1763-இல் ஓர் ஏலத்தில் சிலவற்றை வாங்கித் தன் வீட்டிலும் போட்டார். ஊரே அவரைப் பார்த்துக் கருங்காலி நாற்காலி தேட ஆரம்பித்தது. வுல்சி இறந்தது 1530-இல். நாற்காலிகளோ அதற்கு ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டு கழித்து, ஐரோப்பிய வியாபாரிகளுக்காக நம் சோழமண்டலக் கரையில் செய்து கப்பலேறியவை! வால்போல் போய்ச் சேர்ந்த பிறகு 1842-இல் அந்த வீட்டுச் சாமான்கள் 24 நாள் ஏலம் போயின. நம்மூர்த் தச்சர்கள் இழைத்த கால்களைப் பழைய இங்கிலாந்தின் பெருமை என்று நூறு வருடம் நம்பிக்கொண்டிருந்தார்கள் என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

வேலைப்பாட்டை மற்ற பொருள்களோடு ஒப்பிட்டு, பழைய வணிக ஆவணங்களைப் புரட்டித்தான் ‘எங்கே’ என்பதைத் திருத்தினார்கள். ‘எப்போது’ என்பதற்குத்தான் மரமே வாய் திறக்கிறது. அது எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் உங்கள் வீட்டு மரக்கதவு இறுகிக்கொள்ளும், இல்லையா? ஆசாரி வந்து இழைப்புளியால் ஓரத்தைச் சீவிவிட்டுப் போவார். மாசியில் அதே இடத்தில் விரல் நுழையும் இடைவெளி. ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? பலகைக் கதவு பெரும்பாலும் பக்கவாட்டில்தான் இறுகும். உயரம் கூடிவிட்டது என்று எந்த ஆசாரியும் மேலே சீவுவதில்லை.

மரம் என்பது நீள நீளமான குழாய்ச் செல்களின் கட்டு. ஒவ்வொரு குழாயின் சுவருக்குள்ளும் செல்லுலோஸ் என்ற மெல்லிய இழைகள் கிட்டத்தட்ட மரத்தின் நீளவாக்கிலேயே ஓடுகின்றன. தென்னை ஈர்க்குகளைக் கட்டிய விளக்குமாற்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஈர்க்குகளுக்கு நடுவே ஈரத்துணியைச் செருகிக்கொண்டே போனால் கட்டு பருக்கும். நீளம் மாறாது. தண்ணீர் மூலக்கூறுகள் செய்வதும் இதைத்தான். இழைகளுக்கு இடையே புகுந்து பக்கவாட்டில் விலக்குகின்றன. காய்ந்தால் வெளியேறுகின்றன, இழைகள் நெருங்குகின்றன. பச்சை மரம் எலும்பாகக் காயும்வரை நீளவாக்கில் சுருங்குவது ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். குறுக்குவாக்கில் நூற்றுக்குப் பத்தைத் தாண்டிக்கூடப் போகும்.

இத்துடன் நின்றிருந்தால் உருண்டையாகக் கடைந்த நாற்காலிக் காலின் வட்டம் சின்ன வட்டமாகியிருக்கும், நமக்குச் சாட்சி கிடைத்திருக்காது. இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் வருகிறது. மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கி, சைக்கிள் சக்கரக் கம்பிகளைப் போல இன்னொரு வகைச் செல்கள் ஓடுகின்றன. அவற்றின் நீளவாக்கு என்பது மரத்துக்கு ஆர வாக்கு. நீளவாக்கில் எதுவும் சுருங்க மறுக்கும் என்று இப்போதுதானே பார்த்தோம்? ஆகவே இந்தக் கம்பிகள் ஆர வாக்கில் மரத்தைச் சுருங்கவிடாமல் பிடித்து நிறுத்துகின்றன. ஆண்டுக்கு ஒன்றாக மரத்தில் விழும் வளையங்களின் ஓட்டத்தில் சுருங்குவதைத் தடுக்க அப்படி யாரும் இல்லை. (இதுவே முழுக் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஒரே ஆண்டில் வளரும் மென்பகுதிக்கும் கெட்டிப்பகுதிக்கும் நடக்கும் இழுபறிக்கும் பங்கு உண்டு.) விளைவு, வளைய வாக்கில் மரம் ஆர வாக்கைவிட ஏறக்குறைய இரு மடங்கு சுருங்குகிறது. தேக்கில் 2.5 சதவீதமும் 5.8 சதவீதமும். வெள்ளை ஓக்கில் 5.6, 10.5.

சரி, இப்போது நாற்காலிக்கு வருவோம். அந்தக் காலத்துக் கடைசல்காரர் கையில் இருந்தது முழுக்கக் காயாத மரம். ஈரம் இருந்தால் உளிக்கு இதம், சீவல் சுருள் சுருளாக வரும். அவர் கடைந்தபோது கால் நல்ல வட்டம். பிறகு அது ஒரு வீட்டின் கூடத்தில் உட்கார்ந்து மெதுவாகக் காய்ந்தது. ஒரு பக்கம் கொஞ்சம் சுருங்கியது, மறுபக்கம் இரு மடங்கு சுருங்கியது. வட்டம் முட்டையாகிவிட்டது.

எங்கள் வீட்டில் தாத்தாவின் சாய்வு நாற்காலி ஒன்று இருக்கிறது. தேக்கு, முன்னங்கால்கள் கடைசல். பள்ளியில் வெர்னியர் காலிப்பரைப் பிடித்ததோடு சரி, வாழ்க்கையில் அதற்கு வேறு உபயோகம் வரும் என்று நான் நினைத்ததில்லை. போன மாதம் ஒன்றைக் கடன் வாங்கி வந்து காலின் நடுவில் வைத்தேன். 41.6 மில்லிமீட்டர். காலிப்பரைக் கால் வட்டம் திருப்பி அதே உயரத்தில் அளந்தேன். 40.9. கண்ணுக்கு உருண்டையாகத் தெரிகிற கால், 0.7 மில்லிமீட்டர் சப்பை! நாற்காலியைக் கவிழ்த்துக் கால் நுனியில் ஒட்டியிருந்த அழுக்கைச் சுரண்டினேன். ஆண்டு வளையங்கள் மெல்லிய வில் வில்லாகத் தெரிந்தன. குறைந்த அளவு கிடைத்த திசை, வளையங்கள் ஓடும் அதே திசை. இந்த இரண்டாவது சோதனை முக்கியம். தேய்மானத்தாலோ உப்புத்தாளாலோ சப்பையான கால் வளையத்தைப் பார்த்துச் சப்பையாகாது.

இன்னொன்றையும் கவிழ்த்த கையோடு பார்த்தேன். சட்டத்தின் முனையை நாக்கு மாதிரி செதுக்கி, காலில் தோண்டிய துளையில் செருகி, குறுக்கே ஒரு மர ஆணி அடித்திருப்பார்கள். அடித்த அன்றே ஆணியின் தலையைக் காலோடு சமமாகச் சீவியும் இருப்பார்கள். கட்டை விரலால் தடவினால் இப்போது அந்தத் தலை ஒரு மயிரிழை வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. ஆணி எங்கும் நகரவில்லை. அதன் நீளவாக்கு காலின் குறுக்குவாக்கில் கிடக்கிறது, அவ்வளவுதான். கால் இளைத்தது, ஆணி இளைக்கவில்லை. பழைய ஓக் பெஞ்சுகளை ஏலத்துக்கு முன் பார்வையிட வருகிற அனுபவசாலிகள் மெருகைப் பார்த்து வியக்கும் முன் இந்த இடத்தைத் தடவிப் பார்ப்பார்கள்.

பழைய நாற்காலி கிரீச்சிடுவதும் இதே கதையின் தொடர்ச்சிதான். மழைக்காலத்தில் நாக்கு உப்ப முயல்கிறது, துளை விடவில்லை. இறுக்கத்தில் நாக்கின் செல் சுவர்கள் கொஞ்சம் நசுங்கிவிடுகின்றன. கோடையில் காயும்போது, நசுங்கியவை நசுங்கியபடியே சுருங்குகின்றன. ஆக, போன கோடையைவிட இந்தக் கோடையில் நாக்கு ஒரு பொடி சிறியது. ஐம்பது மழைக்காலம் போனால் ஆடத்தானே செய்யும்?

இத்தனை பாடுபடுவானேன், ஆய்வகத்தில் கொடுத்தால் தேதி சொல்லிவிட மாட்டார்களா என்று கேட்கலாம். மரத்தில் மிஞ்சியிருக்கும் கதிரியக்கக் கார்பனை (கார்பன்-14) அளந்து காலம் கணிக்கும் ரேடியோ கார்பன் முறை, நாற்காலி விஷயத்தில் பெரும்பாலும் கைவிரித்துவிடும். சுமார் 1650 முதல் 1950 வரை காற்றில் கார்பன்-14 அளவு ஏறி இறங்கிக் குழம்பிக் கிடப்பதால், ஒரே அளவுக்கு நாலைந்து காலங்கள் பொருந்தும். ஏலத்துக்கு வருகிற நாற்காலிகளில் பெரும்பாலானவை அந்த இடைவெளிக்குள்தான். ஆண்டு வளையங்களை எண்ணிப் பொருத்தும் முறை ஐரோப்பிய ஓக்குக்கு அருமையாக வேலை செய்கிறது. கருங்காலி போன்ற வெப்ப மண்டல மரங்கள் பலவற்றில் வளையம் தெளிவாக விழுவதே இல்லை. தேக்கில் விழும். லக்னோவிலும் புணேயிலும் உள்ள ஆய்வு நிறுவனங்கள் தேக்கு வளையங்களைப் படித்திருக்கின்றன, அதுவும் பழைய பருவமழையைக் கணக்கிடத்தான். தென்னிந்தியக் கட்டட மரங்களுக்கும் சாமான்களுக்கும் இப்படியொரு வளையப் பதிவேடு உருவாக்கப் பணம் கேட்டால், ‘இதனால் என்ன பிரயோஜனம்’ என்ற கேள்விதான் முதலில் வரும் என்பது என் கணிப்பு. ராக்கெட்டுக்குக் கிடைக்கும் மரியாதையில் ஒரு சீவல் மரத்துக்கும் கிடைக்கலாம்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று. இந்த இரண்டு முறைகளும் மரத்தின் வயதைச் சொல்லும், நாற்காலியின் வயதைச் சொல்லாது. செட்டிநாட்டுப் பக்கம் போனால் புரியும். நூறு வருடத்துக்கு முன் பர்மாவிலிருந்து வந்த தேக்குத் தூணும் உத்தரமும், வீடு இடிபட்ட பிறகு நாற்காலியாகவும் ஊஞ்சலாகவும் மறுபிறவி எடுக்கின்றன. நேர்மையான கடைக்காரர் ‘பழைய மரம், புது வேலை’ என்று சொல்லியே விற்பார். சொல்லாமல் விற்றால் ஆய்வகமே ஏமாறும், மரம் நிஜமாகவே பழசுதானே. முட்டைக் கால் மட்டும் ஏமாறாது. வைரம் பாய்ந்து, நூறு வருடம் காய்ந்து, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கிவிட்ட உத்தரத்தை இன்று கடைந்தால், அது நாளையும் வட்டமாகவே இருக்கும்.

பூச்சியும் இதே உண்மையைச் சொல்லும். மரத்தைத் தின்னும் வண்டு உள்ளே சுரங்கம் போட்டு, கடைசியில் சின்ன வட்டத் துளை வழியாக வெளியேறும். மேற்பரப்பில் துளைகள் மட்டும் தெரிந்தால் சரி. சுரங்கமே பாதியாகப் பிளந்து வாய்க்கால் மாதிரி மேலே ஓடினால், பூச்சி தின்று முடித்த பிறகு யாரோ அந்த மரத்தைச் செதுக்கியிருக்கிறார்கள்.

போலி செய்பவர் பச்சை மரத்தைக் கடைந்து அடுப்பில் காயவைத்தால் முட்டை கிடைக்காதா என்றால், கிடைக்கும். எந்த ஒரு சாட்சியையும் தனியாக நம்பக்கூடாது. ரம்பத் தடம், திருகாணி, தேய்மானம் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். 1700-இல் செய்ததாகச் சொல்லும் பெஞ்சின் அடிப்பலகையில் வில் வளைவாக ரம்பத் தடம் இருந்தால், அது 1700-இல் வழக்கத்தில் இல்லாத வட்ட ரம்பம் அறுத்த பலகை. கிளம்பிவிடலாம்.

கருங்காலி என்றதும் கழுத்தில் மாலை போட்டிருப்பவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். நாற்காலிகள் செய்த கருங்காலி, டயோஸ்பைரோஸ் இனம். தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்கு அடர்த்தி. சித்த மருத்துவத்தில் கருங்காலி என்பது பெரும்பாலும் வேறொரு மரம், வேல மரத்துக்குச் சொந்தக்கார முள் மரம். ஒரே பெயரில் இரண்டு மரங்கள், போதாததற்குச் சாயம் ஏற்றிய மூன்றாவது மரங்கள். மாலை செவ்வாய் தோஷத்தை நீக்குமா என்பது பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை, நீக்காது. மணி உண்மையான மரம்தானா என்றாவது பார்க்க ஆசைப்பட்டால், ஈரப் பஞ்சால் அழுத்தித் துடையுங்கள். பஞ்சு கறுத்தால் சாயம்.

சுருக்கம் காட்டிக்கொடுப்பது மரத்தோடு நிற்கவில்லை. இரும்புத் தோட்ட இருக்கைகளில் ஏலத்தில் அதிகம் அடிபடும் பெயர் இங்கிலாந்தின் கோல்புரூக்டேல். 1709-இல் ஆபிரகாம் டார்பி கல்கரியால் இரும்பு உருக்கிய அதே ஊர். விக்டோரியா காலத்தில் அங்கே வார்த்த பெரணி இலை பெஞ்சுகளுக்கு இன்றும் நல்ல கிராக்கி, அதனால் போலிகளும் அதிகம். சுலபமான வழி, அசல் பெஞ்சையே மணலில் பதித்து அச்செடுத்து, அதில் இரும்பை ஊற்றுவது. வடிவமைப்பைப் பதிவு செய்ததற்கான சாய்சதுர முத்திரைகூட அப்படியே வந்துவிடும். 1842 முதல் 1883 வரை போட்ட முத்திரை அது, தேதியையே எழுத்துகளில் ஒளித்து வைத்திருக்கும். ஆனால் உருகிய இரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒன்று சுருங்குகிறது. இதற்காகவே அச்சு செய்பவர்கள் தனி அளவுகோல் வைத்திருப்பார்கள். அதில் ஓர் அடி என்பது உண்மையில் பன்னிரண்டு அங்குலம் இல்லை, பன்னிரண்டே அரைக்கால் அங்குலம். அடிக்கு அரைக்கால் அங்குலம் கூட்டி அச்சு செய்தால்தான் ஆறிய பொருள் சரியான அளவில் நிற்கும். அசலை அச்சாக்கியவருக்கு அப்படிக் கூட்ட வழியில்லை. ஐந்தடி பெஞ்சின் நகல் ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் குட்டையாகப் பிறக்கும், இலை நரம்புகளும் மழுங்கியிருக்கும். அலுமினியத்தில் வார்த்திருந்தால் டேப்கூட வேண்டாம், பிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தம் போதும்.

அதனால் வாசகருக்கு என் பதில்: படங்களை எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்தாலும் உங்கள் கேள்விக்கு விடை வராது. நாற்காலியின் நிலை பற்றிய அறிக்கை கேளுங்கள், பெரும்பாலான ஏலக்காரர்கள் கேட்டால் தருவார்கள். முன்னங்காலின் விட்டத்தை ஒரே உயரத்தில் சுற்றிச் சுற்றி அளந்து, கூடியதையும் குறைந்ததையும் மில்லிமீட்டரில் எழுதச் சொல்லுங்கள். கால் நுனியின் அடிப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பவும் சொல்லுங்கள். கருங்காலியில் வளையம் தெரியாமல் போகலாம், அப்போது மர ஆணிகளின் தலை துருத்துகிறதா என்று கேட்கலாம். திருகுக் கால் என்றால் அளப்பது கஷ்டம்தான், திருகு தொடங்குவதற்கு முன் உருண்டையாக விட்டிருக்கும் இடத்தில் காலிப்பரை வைக்கச் சொல்லுங்கள். பதில் வந்ததும் எனக்கும் அந்த இரண்டு எண்களை அனுப்புங்கள்.